வேட்டி கட்டும் இடம்

அன்புள்ள டிரைவருக்கு,

நேற்று பெரம்பலூர் போகிற பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பெண் ஒரு சூயிங்கத்தைப் பிரித்து வாயில் போட்டாள். புதினா வாசனை. சிறுவாச்சூர் வருவதற்குள் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உதட்டைக் கடித்து அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை. அந்தப் பெண் திரும்பிப் பார்த்தாள். "ஒண்ணுமில்ல பாப்பா, ஒரு சிநேகிதரு ஞாபகம்" என்றேன். அவள் பையிலிருந்து இன்னொன்றை எடுத்து என்னிடம் நீட்டினாள். வாங்கி மென்றுகொண்டே போனேன். அறுபத்தாறு வயதுக்காரன் ஒருவன் ஜன்னலோரம் சூயிங்கம் மென்றபடி தனக்குத்தானே சிரிப்பதைப் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ தெரியாது. நீங்கள் மட்டும் இருந்திருந்தால் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி விசாரித்திருப்பீர்கள்: "என்ன டெய்லரே, காத்து பிரிஞ்சுதா?"

நாம் முதலில் பார்த்துக்கொண்டது திருச்சி ஆஸ்பத்திரியில், மருந்து ஏற்றுகிற நாற்காலிகளில். ஒன்பது வருஷம் ஆகிறது. நான் பாடாலூரில் மெயின் ரோட்டுக்குப் பின்னால் ஒற்றை அறையில் துணி தைக்கிறவன். பேச்சு குறைவு. "கையத் தூக்குங்க, மூச்ச வுடுங்க, திரும்பி நில்லுங்க." ஒரு நாள் முழுக்க நான் பேசியதை அளந்தால் பெரும்பாலும் அவ்வளவுதான் தேறும். ஒரு மாசி மாதக் காலையில் சிறுநீர் செம்பருத்திப் பூ ஊறிய தண்ணீரின் நிறத்தில் போனது. வலி இல்லை. வலி இல்லாததால் சூடு என்று முடிவு கட்டி, இளநீரும் வெந்தயத் தண்ணீருமாக நான்கு மாதத்தை ஓட்டினேன். ஆலத்தியூரில் சுண்ணாம்புக்கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்த நீங்கள் ஆறு மாதம் ஓட்டியிருந்தீர்கள். 'இன்ஜின் சூடு' என்று அதற்குப் பெயர் வேறு வைத்திருந்தீர்கள். சிறுநீர்ப்பையில் புற்று, சதை வரைக்கும் இறங்கியிருக்கிறது என்று நம் இருவருக்கும் ஒரே வாரத்தில் சொன்னார்கள். இருவருக்கும் பீடிப் பழக்கம் உண்டு. மற்றபடி நமக்குள் ஒற்றுமை எதுவும் இல்லை.

கையில் ஊசி குத்தி, மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்தது. நீங்கள்தான் முதலில் பேசினீர்கள்.

"எந்த ஊருங்க?"

"பாடாலூரு."

"என்ன வேல?"

"டெய்லரு."

"பை தைப்பீங்களா?"

நான் விழித்தேன்.

"இல்ல, நம்ம ரெண்டு பேரு வயித்துலயும் பை தொங்கப் போவுதுன்னு சொன்னாங்க. தோதா ஒரு டெய்லரு பக்கத்துலயே உக்காந்திருக்காரு, கேட்டு வச்சிக்குவோம்னு."

எனக்குக் கோபம்தான் வந்தது. வீட்டில் என் மனைவிகூட 'பை' என்ற வார்த்தையை உச்சரிக்காமல் இருந்த நேரம் அது. டாக்டர் படம் போட்டு விளக்கியிருந்தார். மருந்து முடிந்ததும் சிறுநீர்ப்பையை முழுதாக எடுத்துவிடுவார்கள். சிறுகுடலில் ஒரு சாண் அளவு வெட்டி, அதைக் குழாய் மாதிரி ஆக்கி, வயிற்றின் வலப்பக்கம் ஒரு வாய் வைப்பார்கள். சிறுநீர் அந்த வழியாக வெளியே வரும். அதன்மேல் ஒரு பை ஒட்டிக்கொள்ள வேண்டும், ஆயுள் முழுக்க. ஒரு துணியில் வெட்டி இன்னொன்றில் ஒட்டுப்போடுகிற வேலை எனக்குப் புரிந்தது. ஆனால் வேண்டாம் என்று மனசுக்குள் முடிவு செய்திருந்தேன். இருக்கிற வரைக்கும் இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

மூன்றாவது முறை மருந்து ஏற்ற வந்தபோது அதை உங்களிடம் சொன்னேன். நீங்கள் வாங்கி வைத்திருந்த ஆரஞ்சை உரித்து எனக்குப் பாதி கொடுத்துவிட்டுக் கேட்டீர்கள்.

"பை வேணாம்னா சரி. யாருக்கு வேணாம்? உங்களுக்கா, ஊருக்கா?"

நான் யோசித்தேன். எனக்கு என்று சொல்ல வாய் வரவில்லை.

"ஊருக்குன்னா வுடுங்க. ஊரு ஒரு வாரம் பேசும். எட்டாவது நாளு அதுக்கு வேற ஆளு கெடச்சிடும். எனக்குப் பொண்ணு கல்யாணம் இருக்கு டெய்லரே. நா பைய மாட்டிக்கிட்டு மணவறைக்குப் பக்கத்துல நிப்பேன்."

மறுவாரம் நான் சம்மதக் கையெழுத்துப் போட்டேன்.

டாக்டர் ஒரு அம்மா. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அதட்டாமல் அதிகாரம் பண்ணத் தெரிந்தவர். நம் இருவரையும் ஒன்றாக உட்காரவைத்துச் சொன்னார்: "வெட்டித் தைக்கிறது என் வேலை. அதுக்கு உடம்பத் தயார் பண்ணிக் கொண்டு வர்றது உங்க வேலை. அஞ்சு வாரம் இருக்கு." பீடியை அன்றோடு விட வேண்டும். தினம் நடக்க வேண்டும். முட்டை, சுண்டல், மீன் என்று தின்று தேற வேண்டும். மூன்று பந்துகள் அடைத்த ஒரு பிளாஸ்டிக் கருவியைக் கொடுத்து, மூச்சை உள்ளே இழுத்து அந்தப் பந்துகளை மேலே ஏற்றிப் பழகச் சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சில் சளி கட்டாமல் இருக்க அந்தப் பயிற்சி.

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பல வருஷம் முன்னால் வயிற்றில் ஆபரேஷன் நடந்ததை நான் பக்கத்திலிருந்து பார்த்தவன். இரண்டு நாள் பட்டினி போட்டு, குடலைக் கழுவி, அறுத்த பிறகு பத்து நாள் அசையாமல் படுக்கவைத்தார்கள். எழுந்தபோது கால்கள் குச்சியாகிவிட்டன. அதைச் சொன்னேன். "அதெல்லாம் அப்போ" என்றார் டாக்டர். "இப்போ மறுநாளே உங்கள எழுப்பி நிக்க வைப்பேன். என்னத் திட்டுவீங்க. பரவால்ல."

அந்த ஐந்து வாரமும் சாயங்காலம் ஆறு மணிக்கு உங்கள் போன் வரும். நீங்கள் ஆலத்தியூரில் கல் ஏற்றிய லாரிகள் போகிற பாதையில் நடப்பீர்கள். நான் சர்வீஸ் ரோட்டில் நடப்பேன். "எத்தன பந்து?" என்பீர்கள். "ரெண்டு." "எனக்கும் ரெண்டுதான்." ஒரு நாள் நான் எடுத்ததும், "மூணாவதும் ஏறிடுச்சு டெய்லரே" என்று கத்தினீர்கள். பக்கத்தில் இருந்த என் மனைவி, "கிரிக்கெட்டா பாக்குறாரு அந்தண்ணன்?" என்று கேட்டாள். உங்களைவிட நான் ஒரு வயது மூத்தவன். அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிவைத்துவிட்டு மூச்சை இழுத்து இழுத்து என் மூன்றாவது பந்தையும் ஏற்றிய பிறகுதான் உட்கார்ந்தேன். அதற்கு முன் யாரோடும் எதற்கும் நான் போட்டி போட்டதில்லை.

பீடியும் அப்படித்தான் போனது. கை துறுதுறுக்கும்போது உங்களுக்குப் போன் செய்வேன். நீங்கள் லாரியின் கியரைப் பற்றி ஏதாவது பேசுவீர்கள். நான் பட்டனுக்குக் காஜா எடுப்பதைப் பற்றிச் சொல்வேன். ஒருவர் சொல்வது மற்றவருக்கு விளங்காது. ஆனால் அந்தப் பத்து நிமிஷம் கடந்துவிடும்.

ஆஸ்பத்திரியில் நமக்குப் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். எனக்கு முதலில், உங்களுக்கு அடுத்த நாள். என் முறைக்கு முந்தின நாள் மதியம் ஒரு நர்ஸ் வந்தார். என்னைப் படுக்கவைத்து, தொப்புளுக்கு வலப்பக்கம் சற்றுக் கீழே ஊதா மையால் ஒரு புள்ளி வைத்தார். பை அங்கேதான் வரும் என்றார். தலையாட்டினேன். அவர் போன பிறகு எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். புள்ளியைக் காணவில்லை. வேட்டிக் கட்டுக்குள் போயிருந்தது. வேட்டியைத் தளர்த்திப் பார்த்தேன். வயிற்று மடிப்புக்குள் கிடந்தது.

முப்பது வருஷம் இடுப்பு அளந்தவனுக்கு அது என்னவென்று தெரியாதா. நின்றால் ஓர் இடுப்பு, உட்கார்ந்தால் வேறு இடுப்பு. எங்கே மடியும், எங்கே அறுக்கும் என்பதுதான் என் தொழிலே. அந்த மடிப்பில் பையை ஒட்டினால் நான் மெஷினில் உட்காரும்போதெல்லாம் ஒரு ஓரம் பிரியும். பிரிந்தால் ஒழுகும். அத்தனையும் தெரிந்தும் பேசாமல் இருந்தேன். அவர்கள் படித்தவர்கள், நாம் என்ன சொல்வது என்று வேட்டியை அவிழ்ப்பதும் கட்டுவதுமாக இருந்தேன்.

"ஏன் சும்மா சும்மா அவுத்துக் கட்டுறீங்க?" என்றீர்கள்.

சொன்னேன்.

"இத எங்கிட்ட சொல்லி? அந்தம்மாகிட்ட சொல்லுங்க."

"அவங்களுக்குத் தெரியாததா?"

"அவங்களுக்குக் கொடலு தெரியும். வேட்டி உங்களுக்குத்தான தெரியும்? அவங்க என்னைக்கு வேட்டி கட்டுனாங்க?"

நீங்கள் எனக்காகப் பேசியிருக்கலாம். உங்களுக்கு அது ஒரு நிமிஷ வேலை. ஆனால் டாக்டர் வந்ததும், "மேடம், டெய்லரு ஒண்ணு சொல்லணுமாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டீர்கள். டாக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி பேசாமல் இருக்க வழியில்லை.

தட்டுத்தடுமாறித்தான் சொன்னேன். என் துணிப்பையிலிருந்த டேப்பை எடுத்து, நின்று ஒரு முறை அளந்து காட்டினேன், உட்கார்ந்து ஒரு முறை. டாக்டர் அவசரப்படாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க தைக்கிற மாதிரி உக்காந்து காட்டுங்க."

கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, குனிந்து, இல்லாத மெஷினை மிதித்தேன். இல்லாத துணியை ஊசிக்கடியில் தள்ளினேன். அந்த ஊதாப் புள்ளி ஒவ்வொரு மிதிக்கும் மடிப்புக்குள் போய்வந்ததை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தானே அந்தப் புள்ளியைத் துடைத்தார்.

"எங்க வச்சா மடியாது? நீங்களே காட்டுங்க."

இரண்டு விரல் மேலே காட்டினேன். என்னைப் படுக்கவைத்து, தலையை மட்டும் தூக்கச் சொல்லி, விரலால் அழுத்திப் பார்த்தார். "சதை இங்கயும் நல்லா இருக்கு. வைக்கலாம்" என்றார். நர்ஸ் முகம் சுளிக்கவில்லை. ஒரு நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார்.

அதுவரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த நீங்கள் இந்தப் பக்கம் திரும்பினீர்கள். "அப்போ எனக்கு? நா வண்டி ஓட்டணுமே மேடம்." டாக்டர் சிரித்துவிட்டார். சாப்பாட்டுத் தட்டை உங்கள் கையில் கொடுத்து ஸ்டியரிங்காகப் பிடிக்கச் சொன்னார். கட்டுத்துணியைத் தோளிலிருந்து குறுக்கே போட்டு சீட் பெல்ட் ஆக்கினார் நர்ஸ். நீங்கள் வெறுமனே உட்கார்ந்திருக்கவில்லை. கியர் போட்டீர்கள், வளைவில் சாய்ந்தீர்கள், எதிரில் வந்த யாரையோ முறைத்தீர்கள். எதிர்க் கட்டில்காரர் எழுந்து உட்கார்ந்து பார்த்தார். உங்கள் புள்ளியும் இடம் மாறியது.

அடுத்த வருஷம் பரிசோதனைக்குப் போனபோது அந்த வார்டு வராந்தாவில் ஒரு விவசாயி துடைப்பக்கட்டையை மண்வெட்டியாகப் பிடித்துக்கொண்டு கொத்திக்கொண்டிருந்ததும், அந்த நர்ஸ் குனிந்து அவர் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். "என்ன வேல பாக்குறீங்க, எப்படி உக்காருவீங்க, எங்க கட்டுவீங்கன்னு கேட்டுட்டுத்தான் இப்பல்லாம் புள்ளி வைக்கிறோம். வூட்டுலேருந்து அவங்கவங்க துணியக் கொண்டாரச் சொல்றோம்" என்றார். நீங்கள் என் முதுகில் ஒன்று வைத்தீர்கள். வலித்தது.

ஆபரேஷன் எனக்கு நினைவில்லை. விழித்தபோது வலப்பக்கம் பை இருந்தது. அதற்குள் குடலின் வாய் சிவப்பாக, உருண்டையாகத் தெரிந்தது. அதைப் பிறகு நீங்கள் 'கோவப்பழம்' என்றீர்கள். டாக்டர் சொன்னபடி மறுநாள் காலையில் எழுப்பி நிறுத்தினார்கள். அவர் சொன்னபடியே திட்டினேன், வாய்க்குள்தான். அதற்கடுத்த நாள் பத்தடி, அடுத்து வராந்தாவின் பாதி. மூன்று வேளையும் சூயிங்கம் கொடுத்தார்கள். வயிற்றில் கை வைத்ததில் குடல் தூங்கிப்போயிருக்கும், வாய் மென்றால் சோறு வருகிறது என்று நினைத்து விழித்துக்கொள்ளும் என்றார் நர்ஸ். காற்று பிரிந்தால் குடல் விழித்துவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகுதான் கவலையில்லாமல் சாப்பிடலாம்.

காற்று பிரியவில்லை. ஒரு நாள், இரண்டு நாள், மூன்று நாள். வயிறு உப்பிக்கொண்டே வந்தது. குமட்டியது. மூக்கு வழியாகக் குழாய் விட வேண்டியிருக்கலாம் என்றார்கள். உங்களுக்கும் அறுத்து முடித்து, குழாய்களோடு பக்கத்தில் படுத்திருந்தீர்கள். உங்களாலும் பேச முடியவில்லை. ஒருவர் மெல்லும் சத்தம் மற்றவருக்குக் கேட்க, இரண்டு பேரும் கூரையைப் பார்த்து மென்றுகொண்டிருந்தோம்.

நான்காம் நாள் மதியம் பார்க்கிற நேரத்தில் என் சம்பந்தி வீட்டார் வந்திருந்தார்கள். கட்டிலைச் சுற்றி ஆறு பேர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு நின்றார்கள். அந்த நேரம் பார்த்து என் குடல் விழித்துக்கொண்டது. சாதாரணமாக விழிக்கவில்லை. எங்கு பார்ப்பது என்று தெரியாமல் சம்பந்தியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த நிசப்தத்தில் உங்கள் குரல் பலவீனமாக வந்தது. "ஹாரன் அடிச்சிட்டாரு. வழி வுடுங்க."

முதலில் என் மனைவி சிரித்தாள். பிறகு சம்பந்தி. பிறகு அந்த வார்டே சிரித்தது. நீங்கள் தலையணையை வயிற்றில் அமுக்கிக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தபடி கெஞ்சினீர்கள். "டெய்லரே, சிரிக்க வைக்காதீங்க. தையலு பிரிஞ்சிடும்."

"பிரிஞ்சா என்ன, நாந்தான் இருக்கேனே" என்றேன்.

நர்ஸ் ஓடி வந்து, "காத்து பிரிஞ்சுதா?" என்று கேட்டு அட்டையில் எழுதினார். இரண்டு நாள் கழித்து உங்களுக்கும் பிரிந்தது. அந்த வாரம் முழுக்க அந்த வார்டில் ஒருவரையொருவர் விசாரிப்பதே அந்த வார்த்தையில்தான். 'நீங்க ஜோக்கு சொல்லி நா இப்பதான் கேக்குறேன்' என்று என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கு இருட்டு. காயம் ஆறியது, நடை வந்தது. ஆனால் வாசலைத் தாண்ட முடியவில்லை. முதல் மாதத்தில் ஒரு முறை பை ஒழுகி, வந்திருந்த விருந்தாளி முன்னால் வேட்டி நனைந்துவிட்டது. அவர் பார்க்காத மாதிரி பேசிக்கொண்டே இருந்தார். அதுதான் தாங்க முடியாமல் போயிற்று. கடையைத் திறக்கவில்லை. உங்கள் போனையும் எடுக்கவில்லை. பத்து நாள் எடுக்காமல் இருந்திருப்பேன்.

பதினோராம் நாள் காலை வாசலில் குரல் கேட்டது. "டெய்லரே, டீ குடிக்கலாம் வாங்க." ஆலத்தியூரிலிருந்து அரியலூர் வந்து, அங்கே பஸ் மாறிப் பெரம்பலூர் வந்து, அங்கே மாறிப் பாடாலூர் வந்து இறங்கியிருந்தீர்கள். ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தோளில் ஒரு துணிப்பை, அதில் ஒட்டிக்கொள்ள மாற்றுப் பைகள். கட்டியிருந்த வேட்டி ஈரமாக இருந்தது.

"என்ன ஆச்சு?"

"பெரம்பலூரு பஸ் ஸ்டாண்டுல பை பிரிஞ்சிடுச்சு. கக்கூஸுல போயி அலசி, புதுசு ஒட்டிக்கிட்டு வந்தேன்."

"ஜனங்க பாத்தாங்களா?"

"பாக்காம? மானம் போயிடுச்சு. ஆனா பஸ்ஸு போவல. ஓடி வந்து புடிச்சிட்டேன்."

உங்களை நான் கட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பழக்கம் எனக்குக் கிடையாது. வேறு வேட்டி எடுத்துக் கொடுத்தேன். பிறகு இருவரும் மெயின் ரோட்டு டீக்கடை வரை நடந்தோம். நான்கு பேர் பார்த்தார்கள். ஒருவர், "என்ன டெய்லரே, ரொம்ப நாளா ஆளக் காணோம், என் பேன்ட்டு என்ன ஆச்சு?" என்றார். ஊர் என்னிடம் கேட்டது அவ்வளவுதான்.

அன்று மதியமே கடையைத் திறந்தோம். பிளாஸ்டிக் பை வியர்வையில் தோலோடு ஒட்டி அரிக்கிறது என்று நீங்கள் சொன்னீர்கள். எனக்கும் அதே தொல்லை. வெட்டி மிஞ்சிய பருத்தித் துணியை எடுத்து, உங்களை நிறுத்தி அளந்து, பைக்கு ஓர் உறை தைத்தேன். கீழே திறந்து வடிக்க ஒரு பிளவு, மேலே இழுவை தாங்க ஒரு மெல்லிய இடுப்புப் பட்டி. நீங்கள் முதலில் கேட்டீர்களே, பை தைப்பீங்களா என்று. கட்டிக்கொண்டு கடைக்குள் நாலு தரம் உட்கார்ந்து எழுந்தீர்கள். "சட்டை மாதிரி இருக்கு. பாக்கெட்டு மட்டும் இல்ல" என்றீர்கள். அடுத்த பரிசோதனைக்கு அதோடு போனபோது நர்ஸ் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னும் பத்து தருவீங்களா?" என்று கேட்டார். இன்றைக்கும் தைத்துக் கொடுக்கிறேன். பட்டியின் அகலத்தை இரண்டு முறை மாற்றியிருக்கிறேன். இப்போதைய உறையைக் கட்டிப் பார்க்க நீங்கள் இல்லை.

தை மாதம் அரியலூரில் உங்கள் மகள் கல்யாணம். மணவறைக்குப் பக்கத்தில் நிற்பேன் என்றீர்கள், எங்கே நின்றீர்கள்? பந்தியில் சாம்பார் வாளியோடு ஓடிக்கொண்டிருந்தீர்கள். தாலி கட்டும் நேரத்தில் உங்களைத் தேடிப் பிடித்து இழுத்துவர வேண்டியிருந்தது. அவசரத்துக்கு மாற்றுப் பை வேண்டும் என்று என் மனைவி ஒரு தாம்பாளத்தில் வெற்றிலைக்கு அடியில் மறைத்து வைத்திருந்தாள். அது கைமாறிக் கைமாறி சீர்வரிசையோடு மேடைக்கே போய்விட்டது. "வெத்தல, பாக்கு, பூ, பழம், பை" என்று எண்ணிக்கொண்டே போய் நீங்கள் அதை எடுத்து வந்ததைப் பார்த்து உங்கள் மகள் மணக்கோலத்தில் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்ததும் எனக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு நமக்கு நல்ல வருஷங்கள். லாரியை விட்டுவிட்டுச் சின்ன சரக்கு வண்டி ஒன்றை ஓட்டினீர்கள். பாடாலூர் பக்கம் லோடு வந்தால் என் கடை வாசலில் நிறுத்துவீர்கள். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் சேர்ந்தே போனோம். முடிவு கைக்கு வரும்வரை நீங்களும் பேச மாட்டீர்கள். அந்த அரைமணி நேரம்தான் நீங்கள் மௌனமாக இருந்து நான் பார்த்தது. ஐந்தாவது வருஷம் செட்டிகுளம் மலையேறினோம். கரும்பு பிடித்த முருகன் முன்னால் நான் கண்ணை மூடி நின்றேன். நீங்கள் கீழே விரிந்து கிடந்த வெங்காய வயல்களைப் பார்த்து, "எவ்ளோ பச்ச, பாருங்க டெய்லரே" என்றீர்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பங்குனி மதியம், சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்த நீங்கள் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு. உங்கள் மகள் போன் செய்து, "பெரியப்பா" என்று மட்டும் சொன்னாள். நான் புறப்பட்டு வந்தேன்.

குளிப்பாட்டத் தண்ணீர் கொண்டுவந்திருந்தார்கள். உங்கள் மகன் என்னைத் தனியே கூப்பிட்டு, "பெரியப்பா, அத என்ன செய்றது?" என்று கேட்டான். "நா பாத்துக்குறேன்" என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு, வெந்நீரில் துணியை நனைத்துப் பையின் ஓரத்தை ஊறவைத்தேன். தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு மேலிருந்து கீழாகப் பிரித்தேன். உங்களுக்கு இனி வலிக்காது என்று தெரியும். கைகள்தான் வேகமாகப் போக மறுத்தன. சுத்தமாகத் துடைத்து, பஞ்சு வைத்து, புதுப் பருத்தித் துணியால் மூடினேன். புது வேட்டியை அதற்குக் கீழே, நீங்கள் கட்டுகிற இடத்தில் கட்டினேன். பிறகு கதவைத் திறந்தேன்.

கடைசி ஸ்கேன் வரைக்கும் அந்தப் புற்று உங்களிடம் திரும்பி வரவில்லை. அன்று பந்தலுக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னேன். கேட்காதவர்களிடமும் சொன்னேன்.

இப்போது மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நான் அந்த வார்டுக்குப் போகிறேன். ஆபரேஷனுக்குப் பயந்து உட்கார்ந்திருப்பவர்களிடம் பேசச் சொல்லி நர்ஸ் கூப்பிட்டார். பேச்சே வராத என்னை. போய்ப் பேசுகிறேன், டிரைவரே. வெள்ளைக் கோட்டைப் பார்த்து வாயை மூடிக்கொள்கிறவர்களை எனக்கு உடனே அடையாளம் தெரிகிறது. அவர்களுக்காக நான் பேசுவதில்லை. "இவரு ஒண்ணு சொல்லணுமாம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்கிறேன். பெரும்பாலும் சொல்லிவிடுகிறார்கள்.

போன ஆடியில் ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நடவு வேலைக்குப் போகிறவர். அந்த நோயோடு நான் பார்த்த முதல் பெண். ஆண்பிள்ளை நான் என்னத்தைப் பேசுவது என்று என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். திரைக்கு உள்ளே அவர்கள் மூன்று பேர், நர்ஸும் சேர்த்து. வெளியே நான். பாவாடை நாடா எங்கே விழும், கொசுவத்தை இழுத்துச் செருகினால் எங்கே அழுத்தும், குனிந்து நாற்று ஊன்றும்போது வயிறு எங்கே மடியும் என்று உள்ளே பேச்சு ஓடியது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு கேட்டது. என் மனைவி வெளியே வந்து, "டேப்ப குடுங்க" என்று வாங்கிக்கொண்டு மறுபடி உள்ளே போனாள். இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை.

போன வாரம் அந்த அம்மாவிடமிருந்து போன். பின்னால் தண்ணீர் சலசலப்பும் பெண்கள் பேச்சும் கேட்டன.

"அண்ணே, நடவுக்கு வந்துட்டேன். அரை நாளுதான் வேல செய்யச் சொல்லியிருக்காங்க. கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒரு சொட்டு ஒழுகல."

"நல்லதுங்கம்மா. தண்ணி நெறைய குடிங்க."

"கேக்கணும்னே இருந்தேன். இந்த எடத்தப் பாத்து வைக்கணும்னு மொதமொதல்ல அவங்ககிட்ட சொன்னது யாருண்ணே? நீங்களா?"

"சொன்னது நாந்தாம்மா. சொல்ல வச்சது ஒருத்தரு. ஆலத்தியூரு. லாரி டிரைவரு."

"அவரு பேரு என்ன?"

உங்கள் பெயரைச் சொன்னேன். வயல் இரைச்சலில் சரியாகக் காதில் விழவில்லை போலிருக்கிறது, இன்னொரு முறை கேட்டார். நான் சத்தமாகச் சொன்னேன், கடைக்கு வந்திருந்தவர்கள் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு. அந்த அம்மா போனை வைக்காமலே, கூட நட்டுக்கொண்டிருந்த பெண்களைப் பார்த்து, உங்கள் பெயரை அதே சத்தத்தோடு ஒருமுறை சொன்னார்.

உங்கள் டெய்லர்,
பாடாலூர்